டபுள் கிளிக் செய்தால் எது திறக்க வேண்டும்: ஜெராக்ஸ் கடைக் கணினிகளைச் சரிசெய்த பதிவு

எங்கள் பகுதி ஜெராக்ஸ் கடையில் இரண்டு கணினிகள் ஓடுகின்றன. கவுண்டரில் இருப்பது லினக்ஸ் மிண்ட், உள்ளே டைப்பிங் மேசையில் இருப்பது விண்டோஸ் 11. ஆதார், ஹால் டிக்கெட், பத்திர நகல், பிள்ளைகளின் புராஜெக்ட் என்று ஆட்கள் வாட்ஸப்பில் அனுப்புவதெல்லாம் கவுண்டர் கணினியில்தான் இறங்கும், அங்கிருந்தே பிரிண்ட் போகும். கடை அண்ணன் போன் செய்து, "தம்பி, பிடிஎஃப் சாஃப்ட்வேர் போயிடுச்சு, வந்து ஏத்திக் குடு" என்றார்.

எதுவும் போகவில்லை. பிடிஎஃப் பார்க்கும் எக்ஸ்ரீடர் மெனுவில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் எந்த பிடிஎஃப்பை டபுள் கிளிக் செய்தாலும், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டுவதற்காகப் புதிதாக ஏற்றியிருந்த படத்திருத்த நிரல்தான் திறந்தது. "எந்தப் பக்கங்கள் வேண்டும், எவ்வளவு ரெசொல்யூஷன்" என்று ஒரு பெட்டியை வேறு காட்டியது. கடையில் வேலை பார்க்கும் தங்கச்சி அந்தப் பெட்டியில் ஓகே கொடுத்து அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கம் முழுவதும் குறைந்த ரெசொல்யூஷனில் ஒரு படமாக மாறிவிடுவதால் எழுத்துகள் மங்கி வந்தன. ஹால் டிக்கெட்டில் பார்கோடு மங்கினால் அதைக் கொண்டுபோகும் பிள்ளைக்குச் சிக்கல். அதனால் இதைச் சின்ன தொந்தரவு என்று விட முடியாது.

இந்த மாதிரிப் பிரச்சினையில் கை வைக்கும் முன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்வேன். கணினி இந்தக் கோப்பை என்ன வகை என்று நினைக்கிறது? அந்த வகைக்கு எந்த நிரலை வைத்திருக்கிறது? இரண்டும் வெவ்வேறு இடத்தில் முடிவாகின்றன. முதல் கேள்விக்குத் தப்பான பதில் வந்துகொண்டிருக்கும்போது இரண்டாவதைத் திருத்தித் திருத்திப் பார்த்தால் மணிக்கணக்கில் போகும்.

லினக்ஸில் இரண்டையும் நேரடியாகக் கேட்கலாம். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், எக்ஸ்டிஜி-மைம் என்ற கட்டளைக்குப் பின்னால் குவெரி, ஃபைல்டைப் என்று அடித்து, கோப்பின் பெயரைக் கொடுத்தால் வகை வரும். அண்ணனின் பிடிஎஃப்புக்கு 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்று வந்தது. சரி, முதல் கேள்வியில் பழுதில்லை. அடுத்து அதே கட்டளையோடு குவெரி, டீஃபால்ட் (வழக்கமாகத் திறக்கும் நிரல்) என்று அடித்து இந்த வகையின் பெயரைக் கொடுத்தேன். படத்திருத்த நிரலின் பெயர் வந்தது. ஆக, பழுது இரண்டாவது கேள்வியில்.

நடுவில் சாய்கோடு போட்ட இந்த வகைப் பெயர்கள் மின்னஞ்சலிலிருந்து வந்தவை. கடிதத்தோடு படம், ஒலி எல்லாம் அனுப்ப ஒரு பொது முறை வேண்டும் என்று நெதானியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் 1992-ல் வகுத்ததுதான் மைம். இணையப் பக்கங்களும் பிறகு லினக்ஸ் டெஸ்க்டாப்புகளும் அதையே எடுத்துக்கொண்டன.

லினக்ஸில் மெனுவில் தெரியும் ஒவ்வொரு நிரலும் ஏறும்போது டெஸ்க்டாப் கோப்பு என்ற ஒரு சிறிய உரைக்கோப்பைக் கொண்டுவருகிறது. "என்னால் இந்தந்த வகைகளைத் திறக்க முடியும்" என்று அதில் ஒரு வரி இருக்கும். அது வெறும் விண்ணப்பம். ஒரே வகைக்குப் பல நிரல்கள் விண்ணப்பம் போட்டிருக்கும். யாருக்கு வேலை என்பதைச் சொல்வது மைம்ஆப்ஸ்.லிஸ்ட் என்ற இன்னொரு கோப்பு. பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் புள்ளி-கான்ஃபிக் என்ற மறைந்த கோப்புறையில் அது இருக்கும். அதைத் திறந்தால் 'டீஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்' என்ற தலைப்பின் கீழ், வகை, சமக்குறி, நிரலின் பெயர் என்று வரி வரியாக இருக்கும். இது தவிர 'சேர்க்கப்பட்டவை', 'நீக்கப்பட்டவை' என்ற பொருளில் இன்னும் இரண்டு தலைப்புகள் வரலாம். பயனரின் பட்டியலில் ஒரு வகைக்கு வரி இருந்தால் அதுவே முதல். இல்லாவிட்டால்தான் கணினிக்குப் பொதுவான பட்டியல்களைப் பார்க்கும். அங்கும் இல்லையென்றால் விண்ணப்பம் போட்டவர்களில் ஒருவரைக் கணினியே எடுத்துக்கொள்ளும். புது நிரல் ஏறிய மறுநாளே திறக்கும் ஆள் மாறுவது பெரும்பாலும் இந்தக் கடைசி நிலையில்தான்.

அண்ணனின் கணினியில் பயனர் பட்டியலிலேயே படத்திருத்த நிரலின் பெயர் எழுதியிருந்தது. யார் எழுதியது என்று அந்தக் கோப்பில் இருக்காது. யாரோ ரைட் கிளிக் செய்து வேறு நிரலில் திறக்கப் போய், எப்போதும் இதுவே என்று வைத்துவிட்டிருக்கலாம். நிரலை நீக்கி மறுபடி ஏற்றினாலும் இந்த வரி அப்படியே இருக்கும், ஏனென்றால் அது நிரலுக்குச் சொந்தமானது அல்ல, பயனருக்குச் சொந்தமானது.

திருத்துவது எளிது. கோப்பின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஓப்பன் வித் என்ற பக்கம். எக்ஸ்ரீடரைத் தேர்ந்து டீஃபால்ட்டாக வைத்தேன். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்ததால் மவுஸ் வழியைக் காட்டினேன். அவருக்கு அதுதான் நாளைக்கும் உதவும். டெர்மினலில் செய்வதென்றால் அதே எக்ஸ்டிஜி-மைம் கட்டளைக்கு டீஃபால்ட் என்ற சொல், எக்ஸ்ரீடரின் டெஸ்க்டாப் கோப்பின் பெயர், பிடிஎஃப் வகையின் பெயர் மூன்றையும் கொடுத்தால் போதும். பிறகு மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்த்தேன், எக்ஸ்ரீடர் என்று வந்தது. பார்கோடு கறுப்பாக, தெளிவாக அச்சானது.

கிளம்பும் நேரத்தில் ஒரு பையன் வந்து ஒரு சான்றிதழ் அனுப்பினான். பெயரின் முடிவில் பிடிஎஃப் என்றுதான் இருந்தது. எக்ஸ்ரீடர் திறக்க மறுத்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். இப்போது சரியான நிரல்தான் திறக்கிறது, ஆகவே சந்தேகம் முதல் கேள்விக்குப் போக வேண்டும். லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில் 1973 முதலே ஃபைல் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது பெயரை நம்பாது, கோப்பின் உள்ளே முதல் சில பைட்டுகளைப் படித்துப் பார்த்துச் சொல்லும். உண்மையான பிடிஎஃப் என்றால் தொடக்கத்திலேயே சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளும் இருக்கும். ஜிப் என்றால் பி, கே என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். பையனின் கோப்பைக் கொடுத்ததும் ஜேபெக் படம் என்று பதில் வந்தது. விண்ணப்பத் தளம் பிடிஎஃப் கேட்கிறது என்பதற்காக, மொபைலில் எடுத்த போட்டோவின் எக்ஸ்டென்ஷனை (பெயரின் முடிவில் புள்ளிக்குப் பின் வரும் பகுதியை) மட்டும் மாற்றியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பெயரை மாற்றினால் உள்ளடக்கம் மாறாது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

லினக்ஸின் கோப்பு மேலாளர் முதலில் பெயரைத்தான் பார்க்கிறது. எக்ஸ்டென்ஷன் தெளிவாக ஒரே வகையைக் காட்டினால் அதையே எடுத்துக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் இல்லாவிட்டாலோ, ஒரே எக்ஸ்டென்ஷனுக்கு இரண்டு வகைகள் போட்டியிட்டாலோதான் உள்ளே எட்டிப்பார்க்கும். உறையின் மேல் எழுதிய முகவரியைப் பார்த்தே தபால்காரர் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மாதிரி. விண்டோஸ் உள்ளே பார்ப்பதே இல்லை, எக்ஸ்டென்ஷன்தான் அதற்கு எல்லாம். எக்ஸ்டென்ஷனே இல்லாத பிடிஎஃப் கவுண்டர் கணினியில் ஒழுங்காகத் திறப்பதும், உள்மேசையில் "எதில் திறக்கட்டும்" என்று கேட்பதும் இதனால்தான். பையனின் படத்துக்கு ஜேபிஜி என்ற பெயரைத் திரும்ப வைத்து, இமேஜ்2பிடிஎஃப் என்ற சிறு கருவியால் உண்மையான பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தேன். படத்தின் தரத்தைக் குறைக்காமல் அப்படியே பிடிஎஃப்புக்குள் வைக்கும் கருவி அது. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் அவசியம் வைத்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வகைகளுக்குள் தாய் வகை, சேய் வகை என்று உறவு இருக்கிறது. வேர்டின் டாக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். லினக்ஸின் வகைப் பட்டியலும் அதை ஜிப்பின் சேய் வகையாகவே பதிந்திருக்கிறது. லிப்ரே ஆபீஸ் ஏற்றாத கணினியில் டாக்ஸ் கோப்பைத் திறந்தால் ஜிப் பிரிக்கும் நிரல் வந்து உள்ளே கிடக்கும் எக்ஸ்எம்எல் துண்டுகளைக் காட்டும். சேய் வகைக்கு ஆள் இல்லாததால் தாய் வகைக்கு இருக்கும் ஆளைக் கூப்பிடுகிறது. பார்ப்பவருக்குக் கோப்பு கெட்டுப்போன மாதிரி தோன்றும். கெடவில்லை, ஆபீஸ் நிரலை ஏற்றினாலே சரியாகிவிடும். வெவ்வேறு நிரல்மொழிக் கோப்புகள் எல்லாம் சாதாரண உரைத்திருத்தியில் திறப்பதற்கும் இதே உறவுதான் காரணம். அவை அனைத்தும் வெற்று உரை என்ற தாய் வகையின் கீழ் வருகின்றன.

கடைக்கு அதிகமாகத் தொல்லை கொடுத்தது ஹெய்க் படங்கள். ஐபோன் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இந்த வடிவத்தில் போட்டோ சேமிக்கிறது. வாட்ஸப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே வந்து சேரும். இதைப் பார்க்க மட்டும் என்றால் அதற்கான துணைப் பொதி ஒன்றை ஏற்றினால் போதும். ஆனால் அண்ணனுக்குப் பாஸ்போர்ட் சைஸ் அடுக்க ஜேபிஜி வேண்டும். எனவே டபுள் கிளிக் செய்தாலே ஜேபிஜியாக மாறி, பக்கத்திலேயே சேமிக்கப்பட்டு, படம் பார்க்கும் நிரலில் திறக்கும்படி செய்ய நினைத்தேன். இந்த வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நாமே ஒரு நிரலைப் பதிவு செய்து, இந்த வகை வந்தால் இதற்குக் கொடு என்று கணினியிடம் சொல்ல முடிகிறது.

முதலில் ஹெய்ஃப்-கன்வெர்ட் என்ற கருவி, லிப்ஹெய்ஃப் எக்ஸாம்பிள்ஸ் என்ற பொதியில் கிடைக்கிறது. அதைக் கூப்பிடும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய உரைக்கோப்பு) எழுதினேன்: வந்த கோப்பை ஜேபிஜி ஆக்கு, பிறகு படம் பார்க்கும் எக்ஸ்வியூவரில் திற. இதில் கோப்பின் பெயர் வரும் இடத்தைக் கட்டாயம் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். ஆட்கள் அனுப்பும் கோப்புகளின் பெயரில் இடைவெளிகள் இருக்கும். மேற்கோள் இல்லாவிட்டால் ஒரு பெயர் மூன்று நான்கு துண்டாகிப் போய், கோப்பைக் காணோம் என்று வரும். ஸ்கிரிப்ட்டுக்கு இயங்கும் அனுமதியும் கொடுக்க வேண்டும்.

அடுத்து டெஸ்க்டாப் கோப்பு. பயனரின் புள்ளி-லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்ற பாதையில் அதை வைத்தால் நிர்வாகி கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. வகை அப்ளிகேஷன், பெயர் 'ஹெய்க்கை ஜேபிஜி ஆக்கு' (தமிழிலேயே வைத்தேன், மெனுவில் அழகாகத் தெரிகிறது), எக்ஸெக் என்ற வரியில் ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதை, அதன் பின்னால் சதவீதக் குறியும் சிறிய எஃப் எழுத்தும். கணினி அந்த இடத்தில் கோப்பின் பாதையைப் போட்டுக் கொடுக்கும். பெரிய எஃப் போட்டால் தேர்ந்த எல்லாக் கோப்புகளையும் ஒரே முறையில் கொடுக்கும், என் ஸ்கிரிப்ட் ஒன்றையே வாங்கும் என்பதால் சிறிய எஃப். கடைசியாக மைம்டைப் வரி. அங்கே என்ன எழுதுவது என்று ஊகிக்காமல், ஒரு ஹெய்க் படத்தைக் கொடுத்து முதல் கேள்வியைக் கேட்டேன். 'இமேஜ்/ஹெய்ஃப்' என்று பதில் வந்தது. எக்ஸ்டென்ஷன் ஹெய்க், வகைப் பெயர் ஹெய்ஃப்! கணினி சொன்னதை அப்படியே எழுதி, முடிவில் அரைப்புள்ளியும் வைத்தேன். பிறகு அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ் கட்டளையை அந்தக் கோப்புறைக்கு ஓட்டி, எக்ஸ்டிஜி-மைம் மூலம் இதையே டீஃபால்ட் ஆக்கினேன். தங்கச்சி ஒரு ஹெய்க் படத்தை டபுள் கிளிக் செய்தார், ஜேபிஜி திறந்தது. இதற்கு முன் ஏதாவது ஓர் இணையதளத்தில் ஏற்றி மாற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளரின் முகப்படம் இனி வெளியே எங்கும் போக வேண்டாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

உலாவியின் டவுன்லோட் பட்டியலில் சொடுக்கும்போது மட்டும் பிடிஎஃப் உலாவிக்குள்ளேயே திறக்கிறதே என்று தங்கச்சி கேட்டார். நல்ல கவனிப்பு. ஃபயர்ஃபாக்ஸ் 2013 முதல் தனக்குள்ளேயே பிடிஎஃப் காட்டும் வசதியை வைத்திருக்கிறது. எந்த வகையை என்ன செய்வது என்று தனியாக ஒரு பட்டியலும் வைத்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தில் கீழே இறங்கினால் அப்ளிகேஷன்ஸ் என்ற பகுதி இருக்கும். அங்கே பிடிஎஃப்புக்குக் கணினியின் டீஃபால்ட் நிரலைப் பயன்படுத்து என்று மாற்றிவிட்டேன். ஆதார் அட்டை மாதிரி அளவு முக்கியமான பிரிண்ட்டுகளில், பக்கத்துக்குப் பொருத்து, உள்ள அளவிலேயே அச்சிடு என்ற தேர்வுகள் எப்போதும் ஒரே இடத்தில் கிடைத்தால்தான் கை பழகும்.

உள்மேசை விண்டோஸுக்கு வருகிறேன். அங்கே பிடிஎஃப்புக்கு ரைட் கிளிக், ஓப்பன் வித், வேறு நிரலைத் தேர்ந்து 'எப்போதும்' என்பதை அழுத்தினால் முடிந்தது. 'இப்போது மட்டும்' என்றும் ஒரு பொத்தான் இருக்கிறது, இரண்டையும் பார்த்து அழுத்த வேண்டும். செட்டிங்ஸில் டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தில் எக்ஸ்டென்ஷனைத் தட்டச்சு செய்து மாற்றவும் வழி உண்டு. இந்தத் தேர்வு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் யூசர்சாய்ஸ் என்ற இடத்தில் பதிவாகிறது. விண்டோஸ் 8 முதல் அதோடு ஒரு ஹாஷும் (அந்தத் தேர்விலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்புக் குறியீடு) சேர்கிறது. வேறு நிரல் தானாக உள்ளே புகுந்து பெயரை மாற்றினால் ஹாஷ் பொருந்தாது, விண்டோஸ் அந்தத் தேர்வை ஒதுக்கிவிடும். பயனரைக் கேட்காமல் நிரல்கள் இடம் பிடிப்பதைத் தடுக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் சாதாரண உரைக்கோப்பாக, யார் வேண்டுமானாலும் திறந்து படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்கும் லினக்ஸ் பட்டியல்தான் எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கணினியில் இணையத்திலிருந்து இறக்கும் ஜேபிஜி படங்கள் ஜேஃபிஃப் என்ற எக்ஸ்டென்ஷனோடு சேமிக்கப்பட்டு, டிசைன் நிரலில் ஏறாமல் நின்றன. இது எதிர்த்திசைப் பிரச்சினை. வகையிலிருந்து எக்ஸ்டென்ஷனைத் தேடும் பட்டியல் ஒன்று ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. கிளாசஸ் ரூட்டின் கீழ் மைம், டேட்டாபேஸ், கன்டென்ட் டைப், இமேஜ்/ஜேபெக் என்று போனால் எக்ஸ்டென்ஷன் என்ற மதிப்பு புள்ளி-ஜேஃபிஃப் என்று இருந்தது. அதைப் புள்ளி-ஜேபிஜி ஆக்கினேன். ரெஜிஸ்ட்ரியைத் தொடும் முன் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் பென்டிரைவ் செருகும் கடை என்பதால் இன்னொன்றும் செய்தேன். விண்டோஸ் தெரிந்த வகைகளின் எக்ஸ்டென்ஷனை மறைத்தே காட்டும். 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய ஐலவ்யூ வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரும் புள்ளி-டிஎக்ஸ்டியும் போட்டு, அதற்குப் பின்னால் புள்ளி-விபிஎஸ் என்ற உண்மையான எக்ஸ்டென்ஷனை வைத்திருந்தது. மறைத்துக் காட்டிய கணினிகளில் அது அப்பாவியான உரைக்கோப்பாகத் தெரிந்தது. எனவே எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் எக்ஸ்டென்ஷன்கள் தெரியும்படி வைத்தேன். விபிஎஸ், ஜேஎஸ், டபிள்யூஎஸ்எஃப் ஆகிய மூன்று ஸ்கிரிப்ட் வகைகளுக்கும் நோட்பேடை டீஃபால்ட் ஆக்கினேன். இனி தவறி டபுள் கிளிக் செய்தாலும் ஸ்கிரிப்ட் ஓடாது, அதன் வரிகள் நோட்பேடில் தெரியும், அவ்வளவுதான். கோப்பைத் திறக்கும் நிரலைத் தேர்வது பாதுகாப்பு வேலையும்தான் என்பதை இந்த ஒரு மாற்றம் காட்டும். வைரஸ் தடுப்பு நிரல் இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

எல்லா பிடிஎஃப்புக்கும் ஒரே நிரல் என்று இருக்கவும் முடியாது. இ-ஆதார் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வருகிறது. பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் கடவுச்சொல், எக்ஸ்ரீடர் கேட்டு வாங்கித் திறக்கும். ஆனால் அதிலிருக்கும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்துப் பச்சைக் குறியோடு பிரிண்ட் கேட்பவர்கள் உண்டு, அதற்கு உள்மேசையில் அடோபி ரீடர்தான். எக்ஸ்எஃப்ஏ என்ற, பிடிஎஃப்புக்குள் நிரப்பும் படிவங்களுக்கான தனி முறையில் செய்த படிவங்களும் அப்படியே. மற்ற பல நிரல்களில் திறந்தால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரு பக்கம் மட்டும் தெரியும், எவ்வளவு காத்திருந்தாலும் படிவம் வராது. இவற்றுக்காக டீஃபால்ட்டை மாற்ற வேண்டியதில்லை. ரைட் கிளிக், ஓப்பன் வித், இந்த ஒரு முறைக்கு மட்டும். தங்கச்சிக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்து காட்டினேன்.

கவுண்டர் கணினியின் மைம்ஆப்ஸ்.லிஸ்ட், ஹெய்க் ஸ்கிரிப்ட், அதன் டெஸ்க்டாப் கோப்பு மூன்றையும் அண்ணனின் பென்டிரைவில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். மிண்டைப் புதிதாக ஏற்ற நேர்ந்தால் மூன்றையும் பழைய இடங்களில் வைத்து, டெஸ்க்டாப் கோப்பில் இருக்கும் ஸ்கிரிப்ட்டின் பாதையைப் புதிய பயனர் பெயருக்கு ஏற்ப மாற்ற வேண்டும். பட்டியலில் பெயர் சொல்லப்பட்ட நிரல்களையும் ஏற்றிவிட வேண்டும். இல்லாத நிரலின் பெயர் இருந்தால் கணினி அந்த வரியைத் தாண்டிப் போய் வேறு ஆளைத் தேடும்.